புரோக்கர் இல்லாமல் ஆன்லைனில் வீடு விற்பது: போட்டோ போடுவதற்கு முந்தைய வேலைதான் பெரிய வேலை

கேள்வி: மடிப்பாக்கத்தில் 950 சதுர அடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 2009இல் பில்டரிடம் புதிதாக வாங்கியது. எல்லாம் சேர்த்து 24 லட்சம் ஆனது. லோன் அடைத்தாயிற்று. 60 லட்சம் எதிர்பார்க்கிறோம். புரோக்கர் 2 சதவீதம் கேட்கிறார். ஆன்லைனில் நாங்களே விளம்பரம் போட்டு விற்க முடியுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முடியும். 60 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்குப் புரோக்கர் என்னென்ன செய்கிறார் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஆள் கூட்டி வருகிறார். விலை சொல்கிறார். இரண்டு தரப்புக்கும் மனஸ்தாபம் வராமல் பேரம் பேசுகிறார். பத்திர ஆபீஸ் வரை கூட வந்து காகிதங்களைத் தேற்றித் தருகிறார். நோபுரோக்கர், 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களின் இலவச விளம்பரம் இதில் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். மற்ற மூன்றும் உங்கள் பொறுப்பு. போட்டோ எடுத்து விளம்பரம் போடுவது ஒரு சாயங்கால வேலை. காகிதங்களைச் சரிபார்க்காமல் அவசரமாக அதைப் போட்டவர்களின் வீடுகள்தான் மாதக்கணக்கில் விற்பனைக்கு என்றே கிடக்கின்றன.

ஈசியிலிருந்து, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், கடன் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்குங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். 2009இலிருந்து இன்று வரைக்கும் போட்டுப் பாருங்கள். லோன் அடைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், வங்கியும் அசல் பத்திரத்தைத் திருப்பித் தந்திருக்கும். அதோடு முடிந்தது என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். லோன் வாங்கும்போது உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாக ஓர் ஆவணம் பதிவாகியிருந்தால், அது ஈசியில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவானால்தான் அந்தக் கடன் முடிந்தது என்று ஈசியில் தெரியும். வங்கி கொடுத்த நோ டியூ கடிதம் அலமாரியில் இருந்து பயனில்லை. வாங்க வருபவரின் வங்கி வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடம் இதுதான். விளம்பரம் போட்டு, ஆள் வந்து, அட்வான்ஸ் வாங்கிய பிறகு பழைய வங்கிக் கிளையைத் தேடி அலைவதை விட இப்போதே முடித்துவிடுவது நல்லது. (லோன் அடைத்தும் வங்கி இன்னும் பத்திரம் தராதவர்கள் இதைப் படித்தால்: 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி 30 நாளுக்குள் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.)

அடுத்து, அந்தக் காலத்து ஃபிளாட்டுகளுக்கே உரிய ஒரு சங்கதி. 2009 வாக்கில் சென்னையில் பில்டர்கள் பெரும்பாலும் யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கை மட்டும் கிரயப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார்கள். கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். உங்கள் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும். அப்படியானால் கட்டுமான ஒப்பந்தத்தின் அசலும் பில்டருக்குக் கட்டிய ரசீதுகளும் கிரயப் பத்திரம் அளவுக்கு முக்கியம். வாங்குபவருக்கு மட்டுமல்ல, வருமான வரிக்கும் அவை வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டட அனுமதி வரைபடத்தையும் தேடி எடுங்கள். மடிப்பாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. உங்கள் கட்டடம் ஊராட்சிக் காலத்தது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் வரைபடத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இருக்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவருவார். பெரிய விதிமீறல் இருந்தால் லோன் கிடைக்காது. லோன் இல்லாமல் 60 லட்சம் புரட்டுகிற ஆள் அபூர்வம். இது முன்கூட்டியே தெரிந்தால் விலையையும் ஆளையும் அதற்கேற்ப முடிவு செய்யலாம்.

மற்றவை சுருக்கமாக: தாய்ப்பத்திர (நிலத்தின் முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்) நகல்கள், நிலத்தின் பட்டா நகல், சொத்துவரி ரசீது, ஈபி கார்டு, சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதம். ஆதாரிலும் பான் கார்டிலும் பத்திரத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் இனிஷியலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். சொத்து கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வர வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். தளங்களில் பக்கத்துத் தெரு ஃபிளாட்டுகளுக்குப் போட்டிருப்பது கேட்கும் விலை. கை மாறிய விலை அது இல்லை. மெட்ரோ வருகிறது என்பதை மடிப்பாக்கத்தில் எல்லோரும் ஏற்கெனவே விலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கை மாறிய விலையைத் தெரிந்துகொள்ள அதே ஈசிதான் வழி. உங்கள் வளாகத்தின் சர்வே எண்ணையும், பக்கத்து வளாகங்களின் சர்வே எண்களையும் போட்டுக் கடந்த மூன்று ஆண்டுகளுக்குத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்தான் உங்களுக்கு வேண்டியது. ஆனால் பில்டர் விற்ற முதல் விற்பனைகளை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன காரணத்தால் பழைய பதிவுகளில் யூடிஎஸ் தொகை மட்டுமே இருக்கும், 6 லட்சம் 7 லட்சம் என்று பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஃபிளாட்டோடு சேர்த்து நடந்த மறுவிற்பனைகளை மட்டும் எடுங்கள். அதிலும் சிலர் குறைத்துப் பதிந்திருப்பார்கள். லோன் போட்டு வாங்கியவரின் பதிவு என்றால் தொகை பெரும்பாலும் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கிரயத்துக்கு அடுத்த வரியிலேயே வங்கிக்கு ஆவணம் ஒப்படைத்த பதிவு இருந்தால் அது லோன் கேஸ் என்று புரிந்துகொள்ளலாம். அப்படி இரண்டு மூன்று கிடைத்துவிட்டால், எந்தப் புரோக்கர் சொல்வதையும் விட உறுதியான விலை உங்கள் கையில் இருக்கிறது.

60 கிடைக்க வேண்டும் என்று 63 போடுவதுதான் வழக்கம். தளத்தில் தேடுபவர் '60 லட்சம் வரை' என்று வடிகட்டித் தேடினால் 63 அவர் கண்ணிலேயே படாது என்பதையும் யோசியுங்கள். ஈசி சொல்லும் விலையும் 60க்குப் பக்கத்தில் இருந்தால், 60 என்றே போட்டு 'நெகோஷியபிள்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. போடாவிட்டாலும் குறைத்துத்தான் கேட்பார்கள். போட்டால் ஐந்து லட்சம் குறைத்துக் கேட்பவர் பத்து லட்சம் குறைத்துக் கேட்பார்.

விளம்பரத்தில் வர்ணனை வேண்டாம், விவரம் வேண்டும். இந்த மாதிரி: 'மடிப்பாக்கம், 2 பெட்ரூம், பில்ட்-அப் 950 சதுர அடி, யூடிஎஸ் 480, ஆறு வீட்டு வளாகத்தில் முதல் மாடி, லிஃப்ட் இல்லை, கிழக்கு வாசல், ஒரு கார் பார்க்கிங் (மூடியது), போர் தண்ணீர், 2009 கட்டடம், உரிமையாளர் குடியிருப்பு, லோன் பாக்கி இல்லை, ஆவணங்கள் தயார். முழுத் தொகையும் வங்கி வழியாக மட்டும்.' லிஃப்ட் இல்லை என்பதை மறைத்தால், வயதான அப்பா அம்மாவோடு ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து படியேறிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு இறங்கிப் போகும். இரண்டு தரப்புக்கும் நேரம் வீண். யூடிஎஸ் எண்ணைப் போடாத விளம்பரங்களை விவரம் தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், பழைய கட்டடத்தில் மதிப்பே நிலப் பங்கில்தானே இருக்கிறது.

போட்டோக்களைப் பகலில், ஜன்னல்களைத் திறந்து வைத்து எடுங்கள். கொடியில் காயும் துணியையும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மருந்துப் பெட்டியையும் நகர்த்திவிட்டு எடுங்கள். பாத்ரூம், பார்க்கிங், வெளிவாசல், தெரு எல்லாம் வேண்டும். கதவு எண்ணும் குடும்பப் படங்களும் தெரியக் கூடாது.

தளங்களோடு நிறுத்தாதீர்கள். வளாகத்தின் வாட்ஸ்அப் குழு, தெருமுனை மளிகைக் கடை, கேட்டில் ஒரு போர்டு. மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற மனமில்லாமல் அங்கேயே வாங்கத் தேடுகிறவர்தான் உங்களுக்குச் சிறந்த பார்ட்டி. அவர் அந்தத் தெருவில்தான் நடந்து போய்க்கொண்டிருப்பார்.

விளம்பரத்துக்கென்று தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் புரோக்கர்களாகத்தான் இருக்கும். 'சார், ரெடி கேஷ் பார்ட்டி இருக்கு' என்பார்கள். சிலர் தாங்களே வாங்குபவர் போலப் பேசிவிட்டு, உங்கள் போட்டோக்களை எடுத்து வேறு விலையில் தங்கள் பெயரில் போடுவார்கள். 'யாருக்காக வாங்குகிறீர்கள், லோனா கைப்பணமா, இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்' என்று மூன்று கேள்வி கேளுங்கள். நிஜமாக வாங்குபவர் தயங்காமல் பதில் சொல்வார். புரோக்கர் வழியாக வருகிறவரை வீட்டுக்கு விடுவதென்றால், கமிஷன் உங்களிடம் கிடையாது என்பதை அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். பிற்பாடு 'நான் காட்டின பார்ட்டிதானே' என்று சண்டை வரும்.

தளக்காரர்களும் கூப்பிடுவார்கள். பணம் கட்டினால் விளம்பரம் மேலே வரும், தனி மேலாளர் தருகிறோம் என்பார்கள். ஒரு மாதம் இலவசத்தில் விட்டுப் பாருங்கள். நல்ல விலையும் முழு விவரமும் இருந்தால் அதிலேயே அழைப்பு வரும். வராவிட்டால் பெரும்பாலும் குறை விலையில்தான் இருக்கும், பணம் கட்டினாலும் அது தீராது.

மோசடி ஒன்று ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது என்பார். டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் போகும். யாராவது ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசச் சொல்லுங்கள்.

வீடு பார்க்க வருபவர்கள் விஷயத்தில் இரண்டு குறிப்பு. ஞாயிறு காலை நேரம் கொடுங்கள். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம், பலர் வரமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் அழைப்பு குறையும், அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார்கள். அதற்காக விலையைக் குறைத்துவிடாதீர்கள், ஆவணியும் தையும் பின்னாலேயே வரும். இரண்டாவது, மடிப்பாக்கம் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: '2015இல் தண்ணீர் வந்ததா? மிக்ஜாம் புயலில்?' வந்திருந்தால் எதுவரை வந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் விசாரித்து எப்படியும் தெரிந்துகொள்வார்கள். பார்க்கிங் வரைக்கும்தான் வந்தது என்று நீங்களே சொன்னால், மற்ற பேச்சையும் நம்புவார்கள்.

பேரத்தில் உங்களுக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஆள் இல்லை என்பதுதான் நேரடி விற்பனையின் கஷ்டமான பகுதி. வீட்டில் ஒருவர் மட்டும் விலை பேசட்டும். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்ற வாக்கியத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், புரோக்கர் செய்ததும் அதைத்தான். கூடவே ஒரு யோசனை வரும்: 'பத்திரத்தில் 40 காட்டலாம், மீதி கையில்.' வாங்குபவருக்கு மறுவிற்பனையில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய் ஆகிறது. அதைக் குறைக்கத்தான் இந்தப் பேச்சு. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது வாங்கிய உங்கள் மேல்தான் விழும். விளம்பரத்திலேயே 'வங்கி வழியாக மட்டும்' என்று போடச் சொன்னது இதற்காகத்தான்.

ஆவணங்களைக் காட்டுங்கள், அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்தவர் உட்கார்ந்து நகலைப் புரட்டட்டும். விலை முடிந்து, டோக்கன் அட்வான்ஸ் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகு லோனுக்காக நகல் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'இன்னாரின் வீட்டுக்கடன் பரிசீலனைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அசல் உங்கள் கையை விட்டுப் பதிவு நாளன்றுதான் போக வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு மட்டும் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடித்த கமிஷனில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பலர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தோடு விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்வது வாங்குபவருக்கும் பாதுகாப்பு, லோனுக்கும் உதவி. ஆனால் விற்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பதிவான ஒப்பந்தம் ஈசியில் ஏறிவிடும். வாங்குபவர் பாதியில் கழன்றுகொண்டால், ரத்து ஆவணத்துக்கு அவரும் கையெழுத்துப் போட வர வேண்டும். அவர் இழுத்தடித்தால் வேறு யாருக்கும் விற்க முடியாமல் நிற்பீர்கள். அதனால் அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கிரயம், லோன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவது, ரத்துக்கு எத்தனை நாளில் வர வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். லோன் முன் அனுமதிக் கடிதம் கையில் இல்லாதவரோடு ஒப்பந்தம் பதியாதீர்கள். கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கடனாகத் தரலாம். ஆக, உங்கள் வீட்டுக்கு வாங்குபவர் குறைந்தது 12 லட்சம் கைப்பணமும் பதிவுச் செலவும் வைத்திருக்க வேண்டும். அதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

பதிவு நாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் பிதுங்கும், டோக்கனை முன்பே போடச் சொல்லுங்கள். வங்கி வரைவோலை தந்தால் அதன் நகலை முன்கூட்டியே வாங்கி, வழங்கிய கிளையில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பாக்கி முழுவதும் கைக்கு வந்ததா, பத்திரத்தில் ஒவ்வொரு தவணையும் எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால், வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 60,000 ரூபாயை வரியாகப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். அது குறைவாக வந்த பணம் இல்லை, உங்கள் வரிக்கணக்கில் வரவாகும். சான்றைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வெளிநாட்டுவாசி என்றால் கணக்கே வேறு. பிடித்தம் மிக அதிகம், ஆடிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

இப்போது அந்தக் கட்டுமான ஒப்பந்தம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுவாசிக்கு, லாபத்தின் மேல் நேரடியாக 12.5 சதவீதம், அல்லது வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக் கழித்த லாபத்தின் மேல் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. 2009-10க்குக் குறியீடு 148, 2025-26க்கு 376. அந்த ஆண்டில் விற்றதாக வைத்தால் உங்கள் 24 லட்சம் சுமார் 60.97 லட்சமாகிறது. லாபமே இல்லை, வரியும் இல்லை. முதல் வழியில் 36 லட்சத்துக்கு நாலரை லட்சம் வரி. இந்த 24 லட்சத்தை நிரூபிக்க யூடிஎஸ் பத்திரம் மட்டும் போதாது, மீதித் தொகைக்குக் கட்டுமான ஒப்பந்தமும் ரசீதும் காட்ட வேண்டும். அவை இல்லையென்றால் மிச்சம் பிடித்த கமிஷனைப் போலப் பல மடங்கு வரியில் போகலாம்.

எல்லோருக்கும் நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத பூர்வீகச் சொத்து, வீடு காட்ட உள்ளூரில் ஆளே இல்லாத நிலை, சிறு ஊரில் வயல் ஓரத்து மனை, இதற்கெல்லாம் நல்ல புரோக்கர் வாங்குகிற காசுக்கு வேலை செய்வார். ஆன்லைனில் ஆள் தேடுகிற ஊர்களும் சொத்துகளும் வேறு. சென்னையில் தகராறில்லாத ஃபிளாட், உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறார் என்றால் நேரடி விற்பனைக்கு இதைவிடத் தோதான கேஸ் கிடையாது.

விற்றதும் எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆடி வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும். சாவி கொடுக்கும் நாளில் ஈபி மீட்டரை வாங்குபவர் முன்னிலையில் போட்டோ எடுத்து அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், அடுத்த பில்லில் யார் பங்கு எவ்வளவு என்ற பேச்சு வராது.